உச்சிக்குப் போனது போதும், கல்லைத் தேடுங்கள்: மலையேறும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலிருந்து மலையேறப் போகும் நண்பர்களுக்கு,

வணக்கம். போயா எனும் பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்து நீண்ட விடுமுறை வந்தால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடியுமுன்னே வேன் வந்து நின்றுவிடும். எல்ல, ஓஹிய, நக்கிள்ஸ் என்று போகிறீர்கள். ஏறுகிறீர்கள், உச்சியில் நின்று படம் எடுக்கிறீர்கள், இறங்கி வரும் வழியில் கொத்து சாப்பிட்டுவிட்டு வீடு வந்து சேருகிறீர்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே நாலைந்து உச்சிகளைச் சுற்றிச் சுற்றி வருகிற உங்கள் கால்களுக்கு இன்னும் ருசியான ஒரு வேலை இருக்கிறது: மலையில் பழைய எல்லைக்கற்களைத் தேடுவது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் பிரெனீஸ் மலைத்தொடர் கிடக்கிறது. மலைதான் எல்லை என்று 1659இலேயே இரண்டு அரசர்களும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சரி, மலை என்றால் எந்த மேடு, எந்த ஓடை, யாருடைய மேய்ச்சல் நிலம்? அதைப் பேசித் தீர்க்க இருநூறு வருஷம் பிடித்தது. 1856, 1862, 1866 என மூன்று தடவை பயோன் நகரில் உடன்படிக்கை எழுதி, எல்லை நெடுக இலக்கமிட்ட அடையாளங்களை வைத்தார்கள். மேற்கே பிடசோவா ஆற்றங்கரையில் 1ஆம் இலக்கம். கிழக்கே மத்தியதரைக் கடலை ஒட்டிய பாறையில் 602. இந்தக் கற்களை ஒன்று விடாமல் தேடிப் பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் நடையர்கள் அங்கே இருக்கிறார்கள். எல்லாம் நட்ட கல்லும் இல்லை. சில இடங்களில் பாறையிலேயே ஒரு சிலுவையையும் பக்கத்தில் இலக்கத்தையும் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாசி மூடியிருந்தால் விரலால் தடவித்தான் இலக்கத்தைப் படிக்க வேண்டும். நல்ல பாதை ஓரமாகவே எல்லாக் கல்லும் கிடைத்துவிடாது. பன்னப் புதருக்குள் புகுந்து, சரிவில் தொற்றி ஏறி, வந்த வழியே திரும்பி இறங்கி, அப்புறம் அடுத்த கல்லுக்கு.

அந்த எல்லையைப் படித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது 262ஆம் கல் இருக்கும் இடம். ஆண்டுதோறும் ஜூலை 13 அன்று பிரான்ஸ் பக்கத்துப் பாரெதூஸ் பள்ளத்தாக்குக்காரர்கள் ஸ்பெயின் பக்கத்து ரொங்கால்காரர்களுக்கு அங்கே மூன்று பசுக்கள் கொடுக்க வேண்டும். மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் நடந்த பழைய சண்டையில் 1375இல் சொன்ன தீர்ப்பு அது. இரண்டு பக்கத்துத் தலைவர்களும் கல்லின்மேல் ஒருவர் கைமேல் ஒருவர் கை வைத்து, இனிச் சமாதானம் என்று மூன்று முறை சொல்வார்கள். அரசர்கள் கோடு கிழிப்பதற்கு முன்பே மாடு மேய்த்தவர்கள் எல்லையைப் பேசி முடித்துவிட்டார்கள்.

கல்லைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். 2021இல் பெல்ஜியத்தில் நடந்ததைக் கேளுங்கள். அது மலை நாடு அல்ல, வயலும் காடும்தான். உழவு இயந்திரத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒரு விவசாயி 1819இல் நட்ட எல்லைக்கல்லைப் பிரான்ஸ் பக்கமாக 2.29 மீற்றர் தள்ளி வைத்துவிட்டார். பெல்ஜியம் அந்தளவுக்குப் பெருத்துவிட்டது! அதைக் கண்டுபிடித்தது இராணுவமும் இல்லை, சுங்கமும் இல்லை. பழைய வரலாற்றில் ஆர்வத்தோடு காட்டுப்பக்கம் நடந்துபோன உள்ளூர்க்காரர்கள்.

நமக்குச் சுற்றிலும் கடல். அயல்நாட்டோடு மலை எல்லை கிடையாது. ஆனால் எல்லை இல்லாத மலை இங்கே ஏது? சிவனொளிபாதமலை இரத்தினபுரி, நுவரெலியா மாவட்டங்கள் தொடும் இடத்தில் நிற்கிறது. நக்கிள்ஸ் கண்டிக்கும் மாத்தளைக்கும் பங்கு. நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. நாட்டின் வரைபட ஆள்கூறுகளுக்கே பீதுருதலாகல உச்சியில் உள்ள அளவைப் புள்ளிதான் மையம். அப்புறம் 5000 அடிக் கதை இருக்கிறது. கோப்பிக்காகக் காடு மளமளவென்று விழுந்த காலத்தில், இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஹூக்கர் சொன்ன யோசனைப்படி, 5000 அடிக்கு மேலுள்ள அரச காட்டை வெட்டக் கொடுப்பதில்லை என்று 1873இல் முடிவெடுத்தார்கள். (நுவரெலியாவே 6000 அடிக்கு மேல். அதற்கு முன் அழிந்த காடு அழிந்ததுதான்.) தேயிலை முடிந்து காடு தொடங்கும் ஓரத்தில் நீங்கள் எத்தனையோ தடவை நின்று படம் எடுத்திருப்பீர்கள். அந்த ஓரம் ஏன் அங்கே விழுந்தது என்று கேட்டதுண்டா?

கேட்க ஆளில்லை என்று சொல்லாதீர்கள். வேனை நிறுத்துகிற இடத்திலேயே லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருக்கிறது. தோட்டத்தில் தேயிலைப் பரப்பு ஒவ்வொன்றுக்கும் மலை என்றுதான் பெயர். ஏழாம் நம்பர் மலை, பன்னிரண்டாம் நம்பர் மலை என்பார்கள். எந்த மலை எந்த ஓடையோடு முடிகிறது, சர்வே கல் எந்தப் புதருக்குள் கிடக்கிறது, எந்தக் கல் மண்சரிவில் புதைந்தது என்பதெல்லாம் அங்கே கொழுந்தெடுத்தும் கவ்வாத்து வெட்டியும் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். நீங்களோ வழிகாட்டியோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு அந்த வாசலைத் தாண்டிப் போகிறீர்கள். தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான் போகிறார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, இங்கே பழைய எல்லைக்கல் ஏதும் இருக்கா?" என்று நின்று கேளுங்கள். தேத்தண்ணியும் கிடைக்கும், கதையும் கிடைக்கும்.

நான் கேட்பது ஒரு பதிவேடு, அவ்வளவுதான். ஒவ்வொரு குழுவும் ஒரு மலைமுகட்டை எடுத்துக்கொள்ளட்டும். கண்ட கல்லின் நாலு பக்கத்தையும் படம் எடுங்கள். எழுத்தோ இலக்கமோ இருந்தால், இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள், புரியவில்லை என்றால் ஊகித்து நிரப்ப வேண்டாம். நிமிர்ந்து நிற்கிறதா, சாய்ந்துவிட்டதா, உடைந்ததா என்று ஒரு வரி. கல்லை யார் காட்டினாரோ, அவர் சம்மதித்தால் அவர் பெயரும் அந்த வரியிலேயே வரவேண்டும். உச்சிக்குப் போனவர் பெயரைவிட எனக்கு அந்தப் பெயர்தான் முக்கியம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், நில அளவைத் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

தயவுசெய்து எழுத்துத் தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்பு பூசாதீர்கள், கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், விழுந்த கல்லைத் தூக்கி நிறுத்தாதீர்கள். விழுந்த இடமும் ஒரு தகவல்தான். பெல்ஜியத்து விவசாயியும் கெட்ட எண்ணத்தோடு அந்தக் கல்லைத் தொட்டிருக்க மாட்டார்.

பட்டியல் போட்டால் போட்டி வந்துவிடும், யார் அதிகம் பார்த்தது என்று காட்டை மிதிப்பார்கள் என்று ஒரு நண்பர் என்னிடம் சண்டை பிடித்தார். அந்தப் பயம் நியாயமானது. நக்கிள்ஸும் ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதக் காடும் 2010இலிருந்து உலக மரபுரிமை இடங்கள். அனுமதி இல்லாத பக்கம் ஒரு கல்லுக்காகக்கூடப் போக வேண்டாம். அங்குள்ள கற்களின் சரியான இடத்தைப் பொதுவில் போடவும் வேண்டாம். எண்ணிக்கைப் பட்டியலும் வேண்டாம். தோட்டத்து ஓரங்களிலும் பொதுப் பாதைகளிலும் தேடுவதற்கே நம் வார இறுதிகள் காணாது.

அடுத்த போயாவுக்கு எந்தப் பக்கம் போவது என்று இப்போதே பேசிக்கொண்டிருப்பீர்கள். பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் போகும் குழு யாராவது முதல் முகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் உங்கள் குழுவிலேயே இருப்பார்கள், அவர்களை முன்னால் விடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு நடையன்