மார்த்தினிக் செல்லும் குடும்பங்கள் சேன்-பியேரில் தங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கரீபியன் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கில் வில்லா (தனி வாடகை வீடு) எடுத்துக் குடும்பத்தோடு விடுமுறையைக் கழிப்பது பற்றித் தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இந்தியப் பெருங்கடலிலுள்ள நம் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலிருந்து கரீபியன் பக்கம் போக நினைக்கும் நம் குடும்பங்களுக்கு அது பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் பரிந்துரைக்கப்பட்ட வில்லாக்கள் யாவும் லே த்ருவா-சிலே, சேன்ட்-ஆன், லெ தியமான் போன்ற தென்பகுதிக் கடற்கரை ஊர்களில் இருப்பவை. வடமேற்குக் கரையிலுள்ள வரலாற்று நகரமான சேன்-பியேருக்கு (நம் தீவின் தெற்கே அதே பெயரில் உள்ள ஊரைச் சொல்லவில்லை) கட்டுரை ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு முற்பகல். தமிழர்களாகிய நாம் அவ்வளவு தொலைவு சென்று அந்நகரை அவ்வாறு தொட்டுவிட்டுத் திரும்புவது தகாது என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

1635-இல் தோன்றிய சேன்-பியேர், அத்தீவின் முதல் பிரெஞ்சுக் குடியிருப்பு. சர்க்கரையாலும் ரம் வணிகத்தாலும் செழித்து, அந்தில் எனப்படும் கரீபியத் தீவுகளின் சிறிய பாரிஸ் என்று பெயர் பெற்ற நகரம் அது. 1848 மே 22 அன்று அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். பாரிசில் பிறந்த விடுதலை ஆணை கப்பலில் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாமல், ஆளுநர் மறுநாளே அடிமை முறையை ஒழித்து அறிவிக்க நேர்ந்தது. நம் தீவில் விடுதலை அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று. இரண்டு தீவுகளிலும் கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆள் தேடித் தமிழகக் கரைகளுக்கு வந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். 1853 மே 6 அன்று ஒரேலி என்ற கப்பல் முந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களைச் சேன்-பியேரில் கொண்டு வந்து இறக்கியது. மார்த்தினிக்கில் காலடி வைத்த முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவர்களே. அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 25,000 பேர் அத்தீவுக்குச் சென்றனர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் அவர்களில் மிகப் பலர். நம் முன்னோரும் அதே துறைமுகங்களில், அதே காலத்தில் கப்பலேறியவர்கள்தாம். எந்தக் கப்பலில் இடம் கிடைத்தது என்பதே, ஒரு வீட்டு அண்ணன் இங்கே வந்ததையும் தம்பி அட்லாண்டிக்கைக் கடந்ததையும் தீர்மானித்திருக்கக்கூடும்.

அவர்கள் வந்திறங்கிய நகரம் இன்று இல்லை. 1902 மே 8 காலை எட்டு மணியளவில், பெலே எரிமலையிலிருந்து சரிந்து வந்த கொதிவாயுவும் சாம்பலும் சில நிமிடங்களில் சேன்-பியேரை அழித்தன. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். எரிமலை என்றால் எரிகுழம்பு வழிந்தோடுவதைச் சாலையோரம் நின்று பார்க்கலாம் என்று நம் தீவின் ஃபூர்னேஸ் எரிமலை நமக்குப் பழக்கியிருக்கிறது. பெலே அவ்வகை அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி அழைத்துச் செல்வது நல்லது. இரு எரிமலைகளையும் கண்காணிக்கும் ஆய்வகங்கள் பாரிசிலுள்ள ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை என்பதும், 2020 இறுதியில் பெலேவுக்கு மஞ்சள் எச்சரிக்கை நிலை அறிவிக்கப்பட்டது என்பதும் பயணத்துக்கு முன் தெரிந்திருக்க வேண்டிய செய்திகள்.

பேரழிவில் எஞ்சிய நாடகக் கொட்டகையின் படிகள், அதை ஒட்டிய சிறையில் தடித்த சுவர்களின் காப்பில் சிப்பாரிஸ் என்ற கைதி உயிர் தப்பிய அறை, கோட்டைக் கோயில் எனப்படும் தேவாலயத்தின் இடிபாடுகள், அமெரிக்க எரிமலை ஆய்வாளர் ஃபிராங்க் பெரே 1933-இல் நிறுவியதும் 2019-இல் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டதுமான அருங்காட்சியகம் ஆகியவற்றை ஒரே வீச்சில் பார்த்துவிட முடியாது. நண்பகல் வெயிலில் இடிபாடுகளுக்கிடையே முதியவர்களால் நடக்கவும் இயலாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என நடந்து பார்க்க வேண்டிய நகரம் அது. அதற்குத் தங்குமிடம் அங்கேயோ, அடுத்துள்ள லெ கார்பே ஊரிலோ இருக்க வேண்டும். தெற்கில் தங்கினால் தலைநகர் ஃபோர்-தெ-பிரான்ஸின் சாலை நெரிசலிலேயே காலைப் பொழுது போய்விடும்.

வடமேற்குக் கரையில் வில்லாக்கள் குறைவு என்பது உண்மைதான். வெண்மணலுக்குப் பதிலாக நம் தீவின் எத்தாங்-சலே கடற்கரையில் உள்ளதைப் போன்ற கருமணலே அங்கே உண்டு. ஆனால் 2011 முதல் அட்லாண்டிக் கரையிலும் தென்கரையிலும் ஒதுங்கி அழுகி, நாற்றத்தையும் நச்சு வாயுவையும் பரப்பும் சர்காசம் கடற்பாசி இந்தக் கரையைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. நாங்கள் லெ கார்பேயில் வீடெடுத்துத் தங்கிய அனுபவத்தில், உரிமையாளரிடம் முன்கூட்டிக் கேட்க வேண்டியவை என்று சிலவற்றைச் சொல்வேன். வீடுகள் பெரும்பாலும் சரிவில் கட்டப்பட்டவை என்பதால், சாலையிலிருந்து வாசல்வரை படிகள் எத்தனை என்பதைப் பாட்டி தாத்தாவை மனத்தில் கொண்டு கேளுங்கள். வறண்ட மாதங்களில் குழாய்நீர் தடைபடுவதுண்டு என்பதால் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். விரதமிருக்கும் குடும்பங்களுக்குச் சமையலறையே முதன்மை. ஓட்டலைவிட வில்லா நமக்கு ஏற்றதாவது அதனால்தான். ஒரு செய்தியை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வாழைத் தோட்டங்களில் 1993 வரை பயன்படுத்தப்பட்ட குளோர்தெக்கோன் என்ற பூச்சிக்கொல்லி நஞ்சு அத்தீவின் மண்ணில் இன்னும் தங்கியிருப்பதால், கிழங்கு வகைகளை எங்கே விளைந்தவை என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

பருவத்தைப் பற்றிக் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் வாடகை குறைவாகத் தோன்றலாம். ஆனால் அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். டிசம்பர் நடுவில் நம் பள்ளிகள் மூடும்போது அங்கே மழை குறையத் தொடங்குகிறது. ஆனால் பிரான்சிலிருந்து வருவோரால் வாடகையும் விமானக் கட்டணமும் உயர்ந்திருக்கும். தைப்பூசக் காவடிக்குக் கொடியேறுமுன் வீடு திரும்பவும் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்களும் ஓய்வு பெற்றவர்களும் மே மாதத்தைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. முதல் கப்பல் வந்த நாள், நகரம் அழிந்த நாள், அடிமைகள் எழுந்த நாள் ஆகிய மூன்றும் அம்மாதத்தில்தான் வருகின்றன.

பாரிஸ் வழியாகத்தான் செல்ல வேண்டும் என்பதால், வந்திறங்கும் விமான நிலையமும் புறப்படும் விமான நிலையமும் ஒன்றுதானா என்று சீட்டு எடுக்குமுன் பார்க்க வேண்டும். பாரிசின் ருவாசி விமான நிலையத்திலிருந்து ஓர்லி விமான நிலையத்துக்கு மூட்டைகளோடு மாறுவது பெருந்தொல்லை. மார்த்தினிக் நேரம் நமக்கு எட்டு மணி பின்தங்கியது என்பதால் இரண்டு வாரத்துக்குக் குறைவான பயணம் உடலுக்கும் பணத்துக்கும் வீண். நம்மிடையே இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர், ரீயூனியனும் மார்த்தினிக்கும் ஷெங்கன் எனப்படும் ஐரோப்பியப் பொது விசா எல்லைக்குள் சேராதவை என்பதை நினைவில் கொண்டு, பாரிசைக் கடக்கத் தேவையான அனுமதியை ப்ரெஃபெக்தூர் என்ற அரசு அலுவலகத்தில் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சேன்-பியேரிலிருந்து மோர்ன்-ரூழ் ஊர் வழியாக பெலே மலையைச் சுற்றிச் சென்றால், கூலிகள் எனப்பட்ட அந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழிவந்தோர் வாழும் பாஸ்-புவேன்த் என்ற ஊர் வரும். நம்மைப் போலவே மாரியம்மனையும் மதுரை வீரனையும் வழிபடும் அவர்களின் கோயில்கள் சிறியவை, குடும்பங்கள் பேணிவருபவை. வில்லா உரிமையாளர் வழியாகவோ நகராட்சி வழியாகவோ முன்கூட்டி அனுமதி கேட்டு, கேமராவை வண்டியிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

மார்த்தினிக் பற்றித் தாங்கள் அடுத்து வெளியிடும் கட்டுரையில், சேன்-பியேர், லெ கார்பே பகுதி வில்லாக்களின் விவரங்களையும், மே மாத நினைவு நாள்களில் அங்கு நடைபெறும் நிகழ்ச்சிகளையும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
சேன்-அந்த்ரே, ரீயூனியன்.