பெயர்ப்பலகை போகட்டும், பட்டறையை விடாதே

காட்பாடி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். வெயிலைப் பற்றி ஆரம்பித்தால் அதிலேயே ஒரு பக்கம் போய்விடும், விட்டுவிடுகிறேன்.

நீ அனுப்பிய ஆட்சேப மனுவைப் படித்தேன். போனில் பேசும்போது அழுதுகொண்டே இருந்தாய். அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது என்று சும்மா இருந்துவிட்டேன். இங்கிலாந்தில் நீ பாடம் நடத்துகிற கல்லூரி சிற்பத் துறையை மூடப்போகிறது. அடுத்த வருடம் முதல் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கமாட்டார்கள், இருக்கிறவர்கள் படித்து முடித்துப் போகலாம். உனக்கு மட்டும் டிஜிட்டல் மேக்கிங் என்ற, கம்ப்யூட்டரில் உருவம் செய்கிற புது வகுப்பில் வேலை உண்டு. எதிர்த்து எழுதுவதா, கொடுக்கிற வேலையை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வதா என்று கேட்டிருக்கிறாய். எழுது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இப்போது எழுதி வைத்திருக்கிற மாதிரி எழுதாதே.

முதல் பக்கம் முழுக்க மரபு பேசியிருக்கிறாய். மகேந்திரவர்மன் வருகிறான், நம் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபம் வருகிறது, யாளியும் குதிரை வீரனும் வருகிறார்கள். வேலூர்க்காரனுக்குப் படிக்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர், அழகாக எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு பைலில் வைத்துவிடுவார். அந்த மண்டபத்தையே எடுத்துக்கொள். அத்தனை வேலைப்பாடு இருந்தும் வெள்ளைக்காரர்கள் அதை ஆயுதக் கிடங்காகத்தான் வைத்திருந்தார்கள். கோயிலுக்குள் மூலவர் திரும்பி வந்ததே 1981இல்தான். அழகாக இருக்கிறதே என்பதற்காக அதிகாரத்தில் இருப்பவர்கள் ஒன்றை விட்டுவைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லையும் எழுதியிருக்கிறாய். எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டு, இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாய்க்கும் கோவிவன் என்று பெயர் பொறித்துவைத்த கல். அந்த இடத்தைப் படிக்கும்போது அதை எடுக்கச் சொல்ல எனக்கும் மனது வரவில்லைதான். இருந்தாலும் எடுத்துவிடு. அதை வகுப்பில் சொல்.

அவர்கள் என்ன காரணம் சொல்கிறார்களோ அங்கே போய் நில். ஆள் சேரவில்லை என்பதுதான் முதல் காரணம், இல்லையா? அதற்குப் பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சிற்பி ஹென்றி மூர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை. முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்து திரும்பி, முன்னாள் படைவீரர்களுக்கான உதவித்தொகையில் 1919இல் லீட்ஸ் கலைப் பள்ளியில் சேர்ந்தார். அவருக்காகவே அந்தப் பள்ளி ஒரு சிற்பக்கூடத்தை ஏற்படுத்திக் கொடுத்தது. ஒரே ஒரு பையனுக்காக! பெயரைச் சொன்னால் அவர்களுக்கே தெரிந்த ஆள். சேர்க்கை எண்ணிக்கையைப் பற்றி அவர்கள் பேசும் பத்திக்கு நேரே இதை வை. அதற்குமேல் ஒன்றும் விளக்க வேண்டாம்.

பணத்துக்கு வருகிறேன். பணக் கஷ்டம் வெறும் சாக்கு என்று எழுதியிருக்கிறாய். அது சரியில்லை. கலைப் படிப்புகளுக்குத் தந்துவந்த கூடுதல் மானியத்தை 2021இல் அங்கே பாதியாக வெட்டினார்கள் என்று நீதான் என்னிடம் சொன்னாய். அப்படியென்றால் கஷ்டம் நிஜம்தான். நிஜத்தைப் பொய் என்று சொல்லிவிட்டால் மற்றதையும் யாரும் நம்பமாட்டார்கள். கஷ்டம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, கணக்கைக் கேள். பட்டறையின் இடத்துக்கு உங்கள் துறை பெயரில் எவ்வளவு எழுதுகிறார்கள்? அந்தச் சூளையை நகை செய்யும் பிள்ளைகளும் கட்டடக்கலைப் பிள்ளைகளும் பயன்படுத்துகிறார்களே, அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது? துறையை மூடினால் அவர்கள் எங்கே போவார்கள்? இதற்கெல்லாம் அவர்கள் பதில் எழுதியாக வேண்டும். மகேந்திரவர்மனுக்குப் பதில் எழுத வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

இனிமேல்தான் எனக்குத் தெரிந்த விஷயம். கையால் செய்வதை இனி உருவத்தை அளந்தெடுக்கிற ஸ்கேனரும் முப்பரிமாண பிரிண்டரும் செய்துவிடும் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நீ அதற்குக் 'கலையின் ஆன்மா' என்று பதில் சொல்லியிருக்கிறாய். பாப்பா, உன் அப்பன் ஆயுசு முழுக்கச் செயற்கைக் கால் பட்டறையில் பிளாஸ்டரில் கையை விட்டவன். அதைப் பற்றி உன் மனுவில் ஒரு வரி கூட இல்லையே!

முழங்காலுக்குக் கீழே கால் எடுத்த ஒருவர் வருகிறார் என்று வை. மிச்சமிருக்கிற காலை நாங்கள் ஸ்டம்ப் என்போம். அதன்மேல் மெல்லிய உறையை மாட்டி, எலும்பு துருத்துகிற இடங்களை அழியாப் பென்சிலால் குறிப்போம். ஈர மாவுக்கட்டைச் சுற்றும்போது அந்தக் குறி கட்டின் உள்பக்கத்தில் இறங்கிவிடும். இறுகியதும் கட்டை உருவி, அதற்குள் பிளாஸ்டர் ஊற்றினால், குறிகளோடு அந்த ஸ்டம்ப் அப்படியே அச்சாகக் கையில் நிற்கும். புதிதாக வருகிற பையன்கள் அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அந்த அச்சின் மேல் அப்படியே சாக்கெட், அதாவது ஸ்டம்ப் உள்ளே உட்காருகிற கூடு, செய்து மாட்டினால் அந்த ஆளால் நாலடி நடக்க முடியாது.

முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கிற தசைநார் பாரத்தைத் தாங்கும். அதனால் அச்சில் அந்த இடத்தை அரத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். வெளிப்பக்கத்துச் சின்ன எலும்பின் தலை தாங்காது, அதை ஒட்டி நரம்பு ஓடுகிறது. அங்கே பிளாஸ்டரை ஏற்றினால்தான் சாக்கெட்டுக்குள் இடம் கிடைக்கும். எவ்வளவு சுரண்டுவது, எவ்வளவு ஏற்றுவது என்று புத்தகத்தில் மில்லிமீட்டர் போட்டிருப்பார்கள். ஆனால் சதை கெட்டியா, தளர்ந்ததா, அவர் வரப்பில் நடக்கிறவரா, கடையில் உட்காருகிறவரா என்று பார்த்து முடிவு செய்வது கைதான். நீ களிமண்ணில் ஒரு தோளைச் செய்யும்போது வேறு என்ன செய்கிறாய்? இதையேதானே!

நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே எங்கள் பட்டறைக்கும் ஸ்கேனர் வந்துவிட்டது. நான் அதற்கு எதிரி இல்லை. நோயாளிக்கு ஈர மாவில் காலை நீட்டிக்கொண்டு உட்காருகிற தொல்லை இல்லை, அச்சுகளை அடுக்கிவைக்க அலமாரியும் வேண்டாம். ஆனால் அது எடுப்பது தோலின் வெளி உருவத்தை மட்டும். எந்த இடத்தில் விரல் அமுங்கும், எந்த இடத்தைத் தொட்டால் ஆள் முகத்தைச் சுளிப்பார் என்பது அதற்குத் தெரியாது. பிளாஸ்டரில் கை பழகிய பையன்கள் திரையிலும் பிரமாதமாகச் செய்தார்கள். நேரே திரையில் ஆரம்பித்தவர்களின் சாக்கெட்டுகள் புண்ணோடு திரும்பித் திரும்பி வந்தன. அவர்கள் ஒன்றும் மக்குப் பையன்கள் இல்லை, எந்த இடத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. உன்னை அனுப்பப் பார்க்கிற அந்தப் புது வகுப்பு உருப்பட வேண்டுமென்றாலே பிளாஸ்டர் அறை திறந்திருக்க வேண்டும். உன் மனுவின் நடுவில் இதுதான் இருக்க வேண்டும்.

இது ஏதோ வேலூர்க் கதை என்று அவர்கள் தள்ளிவிடக் கூடாது. அதற்கும் உங்கள் ஊர் ஆளே இருக்கிறார். பிரான்சிஸ் டெர்வென்ட் வுட் என்ற சிற்பி. முதல் உலகப் போரில், ராணுவத்துக்குப் போகிற வயதைத் தாண்டியவர், லண்டனில் வாண்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் உதவியாளாகச் சேர்ந்தார். அறுவை சிகிச்சையால் சரிசெய்ய முடியாத அளவுக்கு முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு முகமூடி செய்ய ஆரம்பித்தார். காயம் ஆறிய முகத்தை பிளாஸ்டரில் அச்செடுப்பார். போருக்கு முந்தைய போட்டோவைப் பார்த்து, போன மூக்கையும் தாடையையும் களிமண்ணில் வனைவார். அதன்மேல் மெல்லிய செம்புத் தகடு ஏற்றி, அந்த ஆளுக்கு மாட்டிப் பார்த்து, தோல் நிறத்துக்கு வண்ணம் தீட்டுவார். சிப்பாய்கள் அந்த இடத்துக்கு வைத்த பெயர் தகர மூக்குக் கடை. போர் முடியும் சமயத்தில் அவர் ராயல் கலைக் கல்லூரியில் சிற்பப் பேராசிரியர் ஆனார். சிற்பத்தால் என்ன பயன் என்று கேட்கிற கமிட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் பக்கத்தில் பால் பிராண்ட். நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர், மருத்துவம் படிக்கப் போவதற்கு முன்னால் கட்டட வேலை பழகியவர். 1946இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளைத் தசைநார் மாற்றி நிமிர்த்தினார். அப்புறம் செருப்பு. நம் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் நுண்ணறை ரப்பர் என்கிற மெத்தென்ற ரப்பர் வைத்துச் செய்வார்களே, அது. உணர்ச்சி போன கால் அது, கடிக்கிறது என்று அந்த ஆளால் சொல்ல முடியாது. புண்ணாகி ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். செய்கிறவன் கைதான் முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த பெரியவர் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பார், பேசமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த விரல் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

நீ சென்னையில் படித்த கவின்கலைக் கல்லூரியும் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் 1850இல் ஆரம்பித்ததுதானே. கைத்தொழிலை வளர்க்கத்தான் அந்தக் காலத்தில் அது நடந்தது. 1898இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற இன்ஜினியர் அங்கே பட்டறையில் அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழில் கால் ஊன்றியது அங்கேதான். அம்மா சோறு வடிக்கிற குண்டானுக்கும் கலைப் பள்ளிக்கும் சம்பந்தம் உண்டு என்றேன். 'அதற்காக இவள் அவ்வளவு தூரம் போக வேண்டுமா' என்கிறாள். இதை மனுவில் போட வேண்டாம், நீளமாகிவிடும். பட்டறை என்று ஒன்று இருந்தால் அதிலிருந்து நாளைக்கு என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது மட்டும் உன் மனதில் இருக்கட்டும்.

இப்போது உனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். பெயருக்காகச் சண்டை போடாதே. சிற்பத் துறை என்ற பலகையைக் கழற்றி நுண்கலை என்று மாட்டினால் மாட்டட்டும். பலகையை எந்த வருடமும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தூசி உறிஞ்சுகிற குழாய், காஸ் இணைப்பு, வார்ப்புக்கூடம், சூளை, இதெல்லாம் ஒருமுறை பிடுங்கிவிட்டால் திரும்பப் பொருத்த யாரும் காசு ஒதுக்கமாட்டார்கள். அந்த இடத்தில் நாலு மேசையும் கம்ப்யூட்டரும் வந்துவிடும்.

அதைவிட முக்கியம் ஆள். பிளாஸ்டர் அறையைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் ஒருவரைப் பற்றி அடிக்கடி சொல்வாயே, சத்தத்தை வைத்தே கலவை இயந்திரத்தில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று. உன் மனுவில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், பேர் வாங்கிய பழைய மாணவர்கள் இருக்கிறார்கள், அவரைக் காணோம். நான் டெக்னீஷியனாக இருந்தவன், அதனால் எனக்கு இது முதலில் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள். ஆனால் மூடுவது என்று வந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்புவது அவரைத்தான். உனக்கு வேறு வகுப்பு கொடுப்பார்கள், அவருக்கு ஒரு கைகுலுக்கல். அவர் போன மறுநாள் அந்தச் சூளையைப் பற்ற வைக்க உங்களில் எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? அவரிடம் கேட்டுவிட்டு, அவர் சம்மதித்தால் அவர் செய்கிற வேலையை விவரமாக எழுது. முதல் கையெழுத்தையும் அவரிடமே வாங்கு.

பட்டறை இருக்கும், டெக்னீஷியன் வேலை இருக்கும், பிள்ளைகள் வாரத்தில் இத்தனை மணி நேரம் உள்ளே போய் வேலை செய்யலாம். இதை எழுத்தில் கேள். வாய்வார்த்தையாகச் சரி என்றால் நம்பாதே.

உன் வேலையைப் பற்றி. புது வகுப்பை வேண்டாம் என்று கோபத்தில் எழுதிக் கொடுத்துவிடாதே. மனுவிலும் கையெழுத்துப் போடு, அந்த வேலையையும் வைத்துக்கொள். உள்ளே இருந்தால்தான் பட்டறைச் சாவி உன் கைக்கு எட்டும். கொள்கை பேசிவிட்டுச் சம்பளத்தை வாங்கிக்கொண்டாள் என்று நாலு பேர் சொல்வார்கள், சொல்லட்டும். அம்மாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடட்டும், இங்கே சிலை செய்கிற வேலைக்கா பஞ்சம் என்கிறாள். நீயே அவளிடம் பேசிக்கொள்.

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மாவுக்கட்டு எடுப்பதில் ஏதாவது சந்தேகம் என்றால் கேள், படம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். திருத்தியதை வியாழக்கிழமைக்குள் அனுப்பினால் ஒருமுறை பார்த்துத் தருவேன்.

அன்புடன்,
அப்பா