தற்சார்பும் எதிர்வீட்டு மாடும்

தாயி மலருக்கு,

பட்டணத்தை விட்டு ஊருக்கே குடிவரப் போவதாகச் சொல்லி நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். அரிசி, காய்கறி, எண்ணெய், சோப்பு, கரண்டு எல்லாம் நாமே உண்டாக்கிக்கொண்டு கடைப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்கிறாய். மாப்பிள்ளையும் சம்மதித்துவிட்டாராம். சரி, வாங்க. ஆனால் நானும் உன் அம்மாவும் இங்கே எப்படிப் பிழைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்க.

தண்ணீருக்குக் கவலை இல்லை. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததைத் தொட்டியில் பிடிக்கிறோம். கீரை, கத்திரி கொல்லையில். சித்திரையில் அதுவும் கருகிவிடும், அப்போது சந்தைதான்.

குதிரைவாலி கதை வேறு. புரட்டாசியில் விதைத்தால் கரிசல் ஈரத்திலேயே மூன்று மாதத்தில் விளைந்துவிடும். அறுத்த பிறகுதான் சோலியே. உமி லேசில் விடாது. உன் அம்மா உரலில் குத்துவாள், புடைப்பாள், மறுபடி குத்துவாள். சொளகில் புடைக்கும்போது உமி முன்னால் பறக்கும். தெள்ளும்போது குருணை ஒரு பக்கம் ஒதுங்கும். பார்க்க அழகுதான், பார்க்கிறவனுக்கு! ஒரு படி அரிசி எடுப்பதற்குள் அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். இப்போது மில்லில் கொடுத்துவிடுகிறோம். தவிடு எதிர்வீட்டு மாட்டுக்குப் போகிறது, பால் அங்கிருந்து வருகிறது. கடலை செக்குக்குப் போகிறது. மண்வெட்டி கொல்லுப்பட்டறையில். உப்பு தூத்துக்குடியிலிருந்து வந்தாக வேண்டும். அப்புறம் உன் சோலார் பலகையை எந்தக் கொல்லையில் விளைவிப்பாய்?

காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். கடைசிக் காலத்தில் நம்ம தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வந்து இருந்தார், 1960-ல் காலமானார். அவர் பேசியதெல்லாம் கிராமத்தின் தற்சார்பு. ஒரு ஊருக்குள் செக்கு, தறி, பட்டறை எல்லாம் ஓட வேண்டும், மிஞ்சியதை வெளியே விற்க வேண்டும் என்பார். ஒரே வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து அத்தனையும் செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் செய்யப் போனவர்கள் ரெண்டு வருஷத்தில் முதுகுவலியோடு பட்டணத்துக்குத் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் என்னவெல்லாம் வாங்காமல் இருக்கலாம் என்ற பட்டியல் போதும். ஊருக்கு உங்களால் என்ன செய்து கொடுக்க முடியும் என்று யோசித்து எழுது. மாப்பிள்ளைக்கு மோட்டாரைக் கழற்றி மாட்டத் தெரியுமா? இப்போது மெக்கானிக் பேரையூரிலிருந்து வர வேண்டியிருக்கிறது, கூப்பிட்டால் நாளைக்கு என்கிறார்.

அன்புடன்,
அப்பா