இரவுக் கடமையிலிருந்து வதனிக்கு

கிளிநொச்சி

அன்பின் வதனி,

உன் கடிதம் கிடைத்தது. ரொறன்ரோவில் சுவாச சிகிச்சையாளராக நீயும் இரவுக் கடமைதான் செய்கிறாய் என்று அம்மாவிடம் சொன்னேன். "அங்கே போயும் அவளுக்கு நித்திரை இல்லையா?" என்று கவலைப்பட்டார். வீட்டில் எல்லோரும் சுகம். மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். காலபோக வெள்ளாமை இம்முறை தப்பிவிட்டது.

உன்னைப் போல மூச்சை மட்டும் கவனிக்க இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். எங்களிடம் அப்படி ஒரு பதவியே இல்லை. மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடுவதும் சுவாசக் கருவியை அமைப்பதும் மயக்கமருந்து வைத்தியர். பகலில் இயன்மருத்துவர் வந்து நெஞ்சைத் தட்டிச் சளியை இளக்குவார். இரவில் சளி உறிஞ்சுவது, நெபுலைசர் வைப்பது, கருவி கத்தினால் ஓடுவது எல்லாம் தாதியர் நாங்கள்தான். அதிலும் விடியப்புறம் மூன்று, நான்கு மணி பொல்லாதது. தொய்வுக்காரருக்கு மூச்சுக்குழாய் மிகவும் இறுகுகிற நேரம் அது.

ஆனால் என்னை உட்காரவிடாதது கட்டுவிரியன் பாம்புதான். மாரி தொடங்கினால் வீட்டுக்குள் வந்துவிடும். நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைத் தீண்டும். வலி பெரிதாக இராது, வீக்கம் இராது, பல் பட்ட இடம்கூடப் பல வேளைகளில் தெரியாது. வயிற்று வலி என்றுதான் வருவார்கள். இமை சரிந்திருப்பதைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும்.

அண்மையில் விசுவமடுப் பக்கமிருந்து ஒரு ஐயா அப்படித்தான் வந்தார். இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டிய கருவி 98 காட்டியது. அதைப் பார்த்து மகனுக்கு நிம்மதி. நான் கட்டிலருகே நின்று, "ஐயா, மூச்சை நன்றாக இழுத்து, விடாமல் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள்" என்றேன். இருபத்துநான்கு வரை போனார். அரை மணி நேரம் கழித்துப் பதினாறு. அதற்கடுத்த முறை பதினொன்றில் குரல் அறுந்தது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னேன், கழுத்து எழும்பவில்லை. கருவியில் அப்போதும் 98. ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த எண்ணை நம்பவே கூடாது, வதனி. மூச்சு சுருங்கிக் காபனீரொட்சைட்டு உள்ளே தேங்கிக்கொண்டிருக்கும், எண் அசையாது. வைத்தியர் உடனே வந்து, மூச்சு நிற்பதற்கு முன்னரே குழாய் போட்டுவிட்டார்.

பாம்பு விஷத்துக்கான மாற்று மருந்து கொடுத்தாலும், நரம்பு நுனியில் விஷம் செய்த சேதத்தை அது திருப்பாது. நுனி மறுபடி வளரும்வரை, நாள்கணக்கில், கருவிதான் மூச்சு விடவேண்டும். அந்த நாட்களில் ஐயாவால் இமை திறக்கவும் முடியவில்லை. பார்ப்பவர்கள் உயிர் போய்விட்டது என்றே நினைப்பார்கள். ஆனால் காது கேட்கிறது! நான் அவரிடம் என் பெயர், நேரம், என்ன செய்யப் போகிறேன் என்பதைச் சொல்லாமல் உறிஞ்சும் குழாயை உள்ளே விட்டதில்லை. மனைவி வந்தபோது விரலால் அவருடைய இமையை மெல்லத் தூக்கிப் பிடித்தேன். "மாடு கன்று போட்டுவிட்டது" என்றார் அந்த அம்மா. ஐயாவின் கால் பெருவிரல் மெல்ல அசைந்தது. நடந்துதான் வீடு போனார்.

பூச்சிமருந்து குடித்து வருகிறவர்களுக்கும் கழுத்துத்தான் முதலில் சொல்லும். அத்திரோப்பீன் என்ற மாற்று மருந்தைக் கொடுத்துத் தேறிவிட்டார் என்று நாம் ஆறுதல்படுகிற நேரத்தில், ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்கு மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். 1987 இல் இதைத் தனி நோய்க்குறியாகப் பெயரிட்டு விவரித்து எழுதியவர்கள் நம் நாட்டு வைத்தியர்களான சேனநாயக்கவும் கரல்லியத்தவும்தான். உன் பாடத்தில் அவர்கள் பெயர் வந்ததா? புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதை நான் பெருமையோடு சொல்வேன். அவர்களில் சிலர் திரையை மட்டும் பார்த்துக் குறித்துவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. நோயாளியோடு பேசவேண்டும். ஒரு வசனத்தை முடிக்க எத்தனை தடவை மூச்சு வாங்குகிறார் என்று கேட்கவேண்டும்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். அந்தக் கிழமையில் ஒரு பின்னேரத்தை எங்களுக்குத் தா. சுவாசக் கருவியின் திரையில் ஓடும் அலைகளை எப்படி வாசிப்பது என்று இந்தப் பிள்ளைகளுக்கு நீ தமிழில் சொல்லிக்கொடுத்தால் போதும். மேலிடத்தில் அனுமதி கேட்பது என் பொறுப்பு. சொக்லேட்டுக்குப் பதிலாக உன் பழைய பாடக் குறிப்புகளைக் கொண்டு வா. எந்தத் திகதி இறங்குகிறாய் என்று மட்டும் முன்னதாக எழுது. கடமைப் பட்டியலை நான் மாற்றி எடுக்கவேண்டும்.

அன்புடன்,
சாந்தி