பால் டின் புகைபோக்கி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பல் இல்லை, விரல். இரண்டு விரலில் பிளாஸ்டர். கதையைக் கீழே சொல்கிறேன். முதலில், உன் அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்து நிம்மதி. இனி செராங்கூன் ரோட்டில் என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போக அவருக்குச் சாக்கு கிடையாது.

ஜூலைக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. உன் ஊரில் அப்போது குளிர்காலம். ஆட்டுப்பண்ணையில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கலாம் என்று நீ எழுதியதைப் படித்ததுமே எனக்குக் குளிர ஆரம்பித்தது. ஏர்கானை 25-க்குக் கீழே வைத்தால் போர்வை தேடுகிற ஆள் நான். டெக்கோங் தீவில் ராணுவப் பயிற்சியின்போது மழைக்குள் உட்கார்ந்து, மெஸ் டின்னுக்கு அடியில் சாலிட் ஃபியூவல் கட்டியைப் பற்றவைக்க நாம் பட்ட பாடு ஞாபகம் வந்தது. கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். விறகு உன் ஊரில் கிடைக்கும். சரி, கூடாரத்துக்குள் வைக்கிற விறகடுப்பை நாமே செய்துவிடுவோம் என்று இறங்கினேன்.

அடுப்புப் பெட்டிக்கு முதலில் ஜாலான் புசார் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில் ஜிங்க் பூசிய இரும்புத் தகடு கேட்டேன். எதற்கு என்று கேட்டார் கடைக்காரர். சொன்னதும் தகட்டைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். அவர் செய்தது சரிதான். ஜிங்க் 419 டிகிரியில் உருகி, 907-இல் கொதித்து ஆவியாகும். பெட்டி செக்கச்செவேல் என்று பழுத்தால் பூச்சு புகையாகக் கிளம்பும், அதை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் கண்டு படுக்க வேண்டியதுதான். அப்புறம் வீட்டிலேயே கிடைத்தது பெட்டி: தீபாவளி முறுக்கு போட்டு வைக்கிற சதுர பிஸ்கட் டின். அதில் இருப்பது மெல்லிய வெள்ளீயப் பூச்சு, இந்தத் தொந்தரவு இல்லை. வெளியே இருக்கிற வண்ண அச்சை மட்டும் திறந்த வெளியில் ஒரு தடவை எரித்துப் போக்கிவிட வேண்டும். நாற்றம் தாங்காது.

காற்று எங்கே நுழைய வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது நம் புளோக் கீழே, சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் சீனர்கள் இறந்தவர்களுக்காகக் காகிதம் எரிக்கிற தொட்டி. அடியில் சுற்றிலும் ஓட்டை. மேலே குவித்துப் போட்டாலும் கீழிருந்து காற்று ஏறி எரித்துவிடும். இத்தனை வருஷம் அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போயிருக்கிறேன், இப்போதுதான் கண்ணில் பட்டது. கதவின் கீழ் விளிம்பில் வரிசையாகத் துளை போட்டு, அதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு தகடு வைத்தேன்.

புகைக்குழாயில்தான் கோட்டை விட்டேன். காப்பிக் கடை அங்கிளிடம் காலி பால் டின் பதினைந்து வாங்கி, அடியை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று செருகினேன். ஒரு மீட்டருக்கு மேல் நின்றது, பார்க்க அம்சமாக இருந்தது. இங்கே காரிடாரில் வைத்துக் கொளுத்தினால் தீயணைப்பு வண்டிதான் வரும் என்பதால், எல்லை தாண்டி மலேசியாவில் கூலாயில் இருக்கும் அத்தை வீட்டுக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். காஸ்வேயில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நல்ல ரப்பர் கட்டை, காய்ந்தது. பற்றவைத்த இரண்டாவது நிமிஷம் கதவு வழியாகப் புகை என் மூஞ்சிக்கே வந்தது. அத்தை வாசல்படியில் நின்று, "எஸ்டேட்ல மூணு கல்லு வெச்சு நாப்பது பேருக்கு ஆக்குனோம்டா" என்றார்.

டின்னுக்கு டின் பொருத்தின இடமெல்லாம் சந்து. அதன் வழியே குளிர்ந்த காற்று குழாய்க்குள் புகுந்து புகையை ஆற்றிவிடுகிறது. புகை சூடாக இருந்தால்தான் லேசாகி மேலே ஏறும். ஆறிய புகைக்கு இழுப்பு ஏது?

அதனால் சந்தே இல்லாமல் ஒரே குழாயாகச் சுருட்ட, டைட்டானியம் உலோகத் தாள் வரவழைத்தேன். 0.1 மில்லிமீட்டர் தடிமன், 2 மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம். மொத்தமே 225 கிராம்தான். அதே அளவு எவர்சில்வர் என்றால் 400-ஐ நெருங்கும். குழாயாக நிற்கும்போது நீளவாக்கில் சுருட்டியிருக்க வேண்டும், பையில் வைக்கும்போது குறுக்குவாக்கில் பாய் மாதிரி சுருட்ட வேண்டும். முதல் தடவை நீளவாக்கில் சுருட்டுவது இருக்கிறதே! நானும் மகளும் ஹாலில் ஆளுக்கொரு முனையில் மண்டிபோட்டோம். இவள் பக்கம் அடங்கினால் என் பக்கம் விரியும். மூன்றாவது முயற்சியில் தாள் துள்ளி விரிந்து என் விரலைக் கீறியது. பிளாஸ்டர் கதை இதுதான். கையுறை போடச் சொல்லி அவள் முதலிலேயே சொன்னாள், அதை அவள் அம்மாவிடமும் சொல்லிவிட்டாள். கம்பி வளையம் ஆறு மாட்டியதும் அடங்கியது.

மறுபடியும் கூலாய். இந்தத் தடவை அடுப்பு உறுமியது மச்சான். குழாயின் கீழ்ப்பாகம் முதலில் பொன்னிறம், அப்புறம் ஊதா, அப்புறம் மயில் கழுத்து நீலம். ஒரு தடவை சூடேறியபின் தாளும் அந்த வளைவுக்குப் பழகிவிட்டது, இப்போது தனியாளாகவே சுருட்டிவிடுகிறேன். கால், வளையம் எல்லாம் சேர்த்து 1 கிலோ 40 கிராம். உன் ஊரில் இன்னும் நன்றாக எரியும். புகை 200 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், கூலாயின் 32 டிகிரியை விட பூஜ்யம் டிகிரிக் குளிரில் இழுப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுதல். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

உனக்குச் சில வேலை இருக்கிறது. பண்ணைக்காரரிடம் நெருப்புக்கு அனுமதி கேட்டு வை. குழாய் வெளியேறும் இடத்தில் கூடாரத்துக்குச் சிலிகோன் பூசிய கண்ணாடியிழைத் துணி ஒட்டுப் போட வேண்டும், வெறும் நைலான் என்றால் உருகிவிடும். பொறி பறக்காமல் இருக்கக் குழாய் நுனிக்கு வலைத்தொப்பி நான் கொண்டுவருகிறேன். தூங்கப் போகுமுன் அடுப்பை அணைத்துவிடுவோம், கரி போடவே கூடாது, மேலே காற்றுக்கு வழி திறந்தே இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இதில் மட்டும் நான் விளையாட மாட்டேன்.

உங்கள் விமான நிலையத்தில் பழைய முகாம் சாமான் எதுவானாலும் எழுதிக் காட்ட வேண்டுமாமே. சாம்பல் ஒரு துளி இல்லாமல் தேய்த்துக் கழுவிவிட்டேன். பக்கத்தில் இன்னும் லேசாக "அசார்ட்டட் பிஸ்கட்ஸ்" என்று தெரிகிறது. அதற்கு என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

கூடாரத்தின் நடு உயரத்தை அளந்து சீக்கிரம் அனுப்பு. குழாயை வெட்ட வேண்டும். அம்மா வேறு முறுக்கு டின் ஒன்று குறைகிறதே என்று இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

உன் டெக்கோங் கூட்டாளி