யார்க்டவுனில் கோடரி பிடித்தவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் உங்கள் தொடரில் வந்த யார்க்டவுன் முற்றுகை பற்றிய கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் படையை அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து வளைத்துக்கொண்ட இடம் அது. அமெரிக்கர் வாஷிங்டன், பிரெஞ்சுக்காரர் ரோஷாம்போ, பிரிட்டிஷ்காரர் கார்ன்வாலிஸ் என்று தளபதிகளைப் பற்றி விரிவாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அங்கே மண் வெட்டிய சிப்பாய் ஒருவர்கூட அதில் இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. அப்படி ஒருவர் தன் அனுபவத்தை எழுதியே வைத்திருக்கும்போது எப்படி விட்டுவிட முடியும்?

அவர் பெயர் ஜோசப் பிளம் மார்ட்டின். 1776இல் அமெரிக்கப் படையில் சேர்ந்தபோது வயது 15. 1781இல் யார்க்டவுனில் அவர் சாப்பர்ஸ் பிரிவில் சார்ஜென்ட். நம் ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸை அறிந்தவர்களுக்கு அந்த வேலை புரியும். படைக்கு முன்னால் போய் வழி வெட்டித் தர வேண்டும்.

அக்டோபர் 14 இரவு. பிரிட்டிஷாரின் பத்தாம் எண் மண்கோட்டையைப் பிடிக்க அமெரிக்க அதிகாரி அலெக்சாண்டர் ஹாமில்டன் தலைமையில் சுமார் 400 பேர் இருட்டில் காத்திருந்தார்கள். துப்பாக்கியில் குண்டு போடக்கூடாது, பயோனெட் என்ற துப்பாக்கிமுனைக் கத்தி மட்டும்தான் என்று உத்தரவு. சாப்பர்கள் கையில் கோடரி. அடுத்தடுத்து மூன்று வெடிகுண்டுகள் வானில் சீறினால் புறப்பட வேண்டும். மேற்கே வியாழனும் வெள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் மின்னிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக் குண்டு என்று நினைத்துப் பலமுறை எழப்போனதாக மார்ட்டின் எழுதுகிறார். இதைப் படித்ததிலிருந்து அந்த ஈர மண்ணில் நானும் படுத்துக்கிடப்பது போலவே இருக்கிறது.

ஓடும்போது முன்னால் போனவர்கள் பொத்துப்பொத்தென்று விழுந்தார்கள். எல்லோரையும் எதிரி சுட்டுத் தள்ளுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாராம். அப்புறம்தான் தெரிந்தது, குண்டுகள் விழுந்து பறித்த பள்ளங்கள் அவை. ஒரு காளையையே புதைக்கலாம், அவ்வளவு பெரிசு. கோட்டையைச் சுற்றியிருந்த கூர்மரத் தடுப்பை வெட்டித் திறந்த வழியில் கூட்டம் நெருக்கியதால், பீரங்கி பிய்த்திருந்த வேறொரு இடைவெளியில் நுழைந்தார். பக்கத்தில் வந்தவர் தலையில் குண்டு பாய்ந்து, கதறியபடி அவர் காலடியில் விழுந்தார். பத்தே நிமிடத்தில் கோட்டை விழுந்தது. ஐந்தாம் நாள் பிரிட்டிஷ் படை சரணடைந்தது.

இன்னொரு காட்சியையும் மார்ட்டின் மறைக்கவில்லை. விடுதலை கிடைக்கும் என்று நம்பி பிரிட்டிஷாரிடம் ஓடிவந்திருந்த கறுப்பின அடிமைகளை முற்றுகையின்போது கார்ன்வாலிஸ் வெளியே துரத்திவிட்டார். அவர்கள் அம்மையிலும் பட்டினியிலும் காடெங்கும் செத்துக்கிடந்தார்கள். பிணங்களின் வாயில்கூடக் கருகிய சோளம் இருந்ததாம். அந்தக் கார்ன்வாலிஸ்தான் 1786இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் சிலையை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அந்தச் சோளத்தைப் பற்றிப் படித்த பிறகு அதன் முன்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

மார்ட்டினுக்கு என்ன கிடைத்தது? தருவதாகச் சொன்ன 100 ஏக்கர் நிலம் கைக்கு வரவில்லை. 1818இல்தான் பென்ஷன், வருடத்துக்கு 96 டாலர். அதற்காகக் கொடுத்த சொத்துக் கணக்கில் அவர் காட்டியது இரண்டு பசு, ஆறு ஆடு, ஒரு பன்றி. 1830இல் தன் பெயரைக்கூடப் போடாமல்தான் நினைவுகளை அச்சிட்டார்.

இந்தத் தொடர் புத்தகமாக வருமானால் அவருக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள். பெயரைத் தலைப்பிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
தஞ்சாவூர்