கார்க் கதவுச் சத்தம்

ஆசிரியருக்கு,

சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ (1931) நாடோடியைத் தியாகச் சிலையாகவே பலரும் எழுதிவிடுகிறார்கள். படம் அவ்வளவு எளிதல்ல.

நெரிசலில் நிற்கும் காருக்குள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறான். கதவு சாத்தும் சத்தத்தில் பார்வையற்ற பூக்காரி அவனைப் பணக்காரன் என்று எண்ணுகிறாள். காரின் சொந்தக்காரர் வந்து ஏறிப் போனதும், தன்னிடம் பூ வாங்கியவர்தான் மீதிச் சில்லறை வாங்காமல் போய்விட்டார் என்று அவள் நினைக்க, நாடோடி ஓசைப்படாமல் நழுவுகிறான். பொய் அவன் சொன்னதல்ல; ஆனால் காப்பாற்றியது அவன்தான். வசனமில்லாத படத்தில் ஒரு சத்தத்தையே கதையின் அச்சாணியாக்கியது என்ன துணிச்சல்! இக்காட்சிக்கு 342 முறை படமெடுத்ததாகச் சாதனைப் பட்டியல் சொல்கிறது.

குடித்தால் கட்டித் தழுவி, தெளிந்தால் துரத்தும் கோடீஸ்வரன் சிரிப்புக்கு மட்டும் வந்தவனல்ல. பூக்காரியின் கண் பார்க்காததை இவன் போதையும் பார்ப்பதில்லை. பூக்காரியின் கண் சிகிச்சைக்காக அவன் தந்த 1,000 டாலரில் ஒரு நோட்டை நாடோடி தனக்கென ஒதுக்குகிறான். அவள் அவன் கையில் முத்தமிட்டதும் அதையும் கொடுக்கிறான். அந்தத் தயக்கம்தான் அவனை மனிதனாக்குகிறது.

பார்வை வந்தபின் அவள் எதிர்பார்த்திருப்பது பணக்கார இளைஞனை. கந்தலில் நிற்கும் நாடோடியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறாள். அடையாளம் காட்டுவது கண்ணல்ல, அவள் நாணயம் வைக்கும்போது பட்ட அவன் கை.

– வாசகர், மதுரை